மரிக்காரைக் கண்டவர் யார்?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். கல்லடிப் பாலம், காத்தான்குடி பிரதான வீதியின் பேரீச்ச மரங்கள், ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று பஸ் நின்று நின்று போகிறது. பெரியநீலாவணை வந்ததும் அம்பாறை மாவட்டம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரும் ஊரும் மதிலோடு மதிலாக ஒட்டிக் கிடக்கின்றன. முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மறுபடியும் முஸ்லிம் ஊர். எது எங்கே முடிகிறது என்பதைப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் போனது பழைய இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பார்த்தவர்களைத் தேடி. கொழும்பில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒருவர், "அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் சினிமாப் பேச்சே எடுக்காதே, ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள்" என்றார். மற்றவர், "கோமாளிகள் படத்தைப் பார்க்காத ஆளே அங்கே இருக்கமாட்டார், மரிக்காரைத் தங்கள் ஊர்க்காரராகவே நினைக்கிறார்கள்" என்றார். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கும்போது காலை ஒன்பதரை. வெயில் அதற்குள் தாரை இளக்கத் தொடங்கியிருந்தது. சந்தைப் பக்கமிருந்து கருவாட்டு வாசமும் வாழைப்பழ வாசமும் கலந்து வந்தன. எதிரே இருந்த தேநீர்க் கடையில் இஞ்சி பிளேன்டீ ஐம்பது ரூபா, பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மீன் ரோல்ஸ் நூறு. கல்லாவில் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். "காக்கா, இஞ்ச முந்தி இருந்த படமாளிகை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தப் படமாளிகை மனே? இப்ப எல்லாருக்கும் கையில ஒரு படமாளிகை இரிக்கே" என்று தன் போனைத் தூக்கிக் காட்டினார். பிறகு, கடையில் வேறு யாரும் கவனிக்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டவர்போல, மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்து வழி சொன்னார். ஐந்து நிமிட நடை.

அது இப்போது கட்டடப் பொருள் விற்கிற இடம். முன்பக்கம் புதிதாகத் தகரம் அடித்து, பெயின்ற் கம்பனி விளம்பரத்தை மேலே ஒட்டியிருக்கிறார்கள். கடைப்பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. உள்ளே போனதும் என் கண்ணில் முதலில் பட்டது தரை. வாசலிலிருந்து உள்நோக்கி மெல்லச் சரிகிறது. சீமெந்து மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை விட்டுவிட்டு வேலைக்காரப் பையன் கணக்குச் சொல்லப் போகும்போது சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல் துண்டை வைத்துவிட்டுத்தான் போகிறான். வைக்காவிட்டால் வண்டி தானாக ஓடிப்போய் அந்தக் கோடிச் சுவரில் முட்டும். அந்தச் சுவரில்தான் ஒருகாலத்தில் திரை தொங்கியது. கட்டடத்தின் பெயர் மாறலாம், பொருள் மாறலாம், சரிவை மாற்றுவதற்குச் செலவு அதிகம் என்று விட்டுவிட்டார்கள்.

பின்சுவரில், உயரத்தில், இரண்டு சதுர ஓட்டைகள். படக்கருவியின் ஒளி வந்த வழி ஒன்று, ஒப்பரேட்டர் எட்டிப் பார்த்த வழி மற்றது. இப்போது ஒன்றில் புறாக்கூடு. மற்றதன் வழியாக மின்சாரக் கம்பி போகிறது.

"ஆயிரம் பேர் இரிந்து பார்த்த இடம் இது" என்றார் உரிமையாளர், பெருமையாக. அவர் பிறந்தது 1980க்குப் பிறகு. அவருக்கும் யாரோ சொன்ன கணக்குத்தான். நான் எட்டு வைத்து அளந்தேன். நீளம் நாற்பது எட்டு, அகலம் இருபது. கலரியில் பெஞ்சு போட்டு நெருக்கி அடித்தாலும் ஐந்நூறு பேருக்கு மேல் கொள்ளாது. ஆனால் பெருநாளன்று எம்.ஜி.ஆர் படம் போட்டால் சுவரோரமாக நின்று பார்த்தவர்களையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, ஆகவே விவாதிக்கவில்லை. பக்கச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த ஓரிடத்தில் பழைய நீல எழுத்து எட்டிப் பார்த்தது. 'பெல்கனி' என்பதும், அதன் கீழே 2.50 என்பதும் தெரிந்தன. மற்றவை ஆணிக் கட்டுகளுக்குப் பின்னால். தேநீர்க் கடைக்காரர் எனக்குச் சொன்ன பெல்கனி விலை ஒரு ரூபா. நினைவு எப்போதும் மலிவாகத்தான் விற்கிறது.

அங்கே நின்றபடியே ஒரு கணக்குப் போட்டேன். இலங்கையில் தமிழ்ப்படம் எடுக்கத் தொடங்கியது 1962இல், 'சமுதாயம்' என்ற 16 மில்லிமீற்றர் படத்தோடு. அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி', தியேட்டரில் போடும் 35 மில்லிமீற்றரில். அதிலிருந்து 1993இல் வந்த 'ஷார்மிளாவின் இதய ராகம்' வரை முப்பதுக்கும் சற்றுக் குறைவான படங்கள்தான். முப்பது ஆண்டுகளுக்கு முப்பது படமும் இல்லை. அதே காலத்தில் சென்னை ஒரே ஆண்டில் அதைவிட அதிகமாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. 1972இல் அரசு திரைப்படக் கூட்டுத்தாபனத்தை அமைத்து, படம் இறக்குமதி செய்வதைத் தன் கைக்குள் கொண்டுவந்த பிறகுதான் உள்ளூர்ப் படங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. 'குத்துவிளக்கு' 1972. வி.பி. கணேசனின் 'புதிய காற்று' 1975. 'கோமாளிகள்' 1976. தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தை வைத்து எடுத்த 'பொன்மணி' 1977. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த 'வாடைக்காற்று' 1978. அந்த 1978தான் உச்சம். திருகோணமலைக்காரர்கள் எடுத்த 'தென்றலும் புயலும்' வந்ததும் அதே ஆண்டில்தான். ஐந்து ஆண்டு கழித்து 1983 ஜூலையில், கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அதற்குள் இருந்த படச்சுருள்களும் போயின. இன்றைக்கு முழுப்படமாகக் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைப்பவை ஒருசில மட்டும்.

இத்தனையில் எது இந்தத் திரையில் ஓடியது? உரிமையாளருக்குத் தெரியாது. பையனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. தேநீர்க் கடைக்குத் திரும்பினேன்.

அப்போது கடையில் ஆறேழு பேர். எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், ஒருவருக்கு வயல், ஒருவருக்குத் திரீவீல். கல்லாக்காரர் அதற்குள் என் விஷயத்தை எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். வாய் திறக்கமாட்டார்கள் என்று சொன்ன கொழும்பு நண்பர் அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசினார்கள். 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'குலேபகாவலி', 'பாக்தாத் திருடன்' என்று பெயர்கள் கொட்டின. மூன்றிலும் எம்.ஜி.ஆர், மூன்றிலும் தொப்பி, வாள், அரபுப் பெயர்கள். "நம்மட பேர்கள் படத்துல கேக்கிறது பெரிய சந்தோசம் அப்ப" என்றார் வாத்தியார். 1961இல் வந்த 'பாவமன்னிப்பு' பற்றிச் சொல்லும்போது அவருடைய குரலே மாறியது. சிவாஜி ரஹீம் என்ற முஸ்லிமாக நடித்த படம். அதில் டி.எம். சௌந்தரராஜனோடு நாகூர் ஈ.எம். ஹனிபாவும் சேர்ந்து பாடிய பெருநாள் பாட்டு இருக்கிறது. அந்தப் பாட்டை இப்போதும் நோன்புப் பெருநாளுக்கு யாராவது போடுவார்கள் என்றார்கள்.

"கோமாளிகள்?" என்றேன்.

"ஆஹா! மரிக்கார்!" ஆறு பேரும் பார்த்தவர்களாம். வயல்காரர் எழுந்து நின்று மரிக்கார் மாதிரிப் பேசியே காட்டினார். குரல் அச்சொட்டு. கடை முழுக்கச் சிரிப்பு.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, தெரியாத இளையவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'கோமாளிகள்' வானொலியில் பிறந்த படம். இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்று ஒரு தொடர் நாடகம் வந்தது. எழுதியவர் எஸ். ராமதாஸ். அதில் நான்கு பேர், நான்கு விதமான தமிழ். மரிக்கார் பேசுவது கொழும்பு முஸ்லிம் தமிழ், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், உபாலி சிங்கள வாய் பேசும் தமிழ், ஐயர் பிராமணத் தமிழ். இதில் வேடிக்கை என்னவென்றால், பிராமணரான ராமதாஸ்தான் மரிக்கார். ஐயராகப் பேசியவர் பி.எச். அப்துல் ஹமீத். அப்புக்குட்டி ரி. ராஜகோபால், உபாலி எஸ். செல்வசேகரன். நாடகம் பெற்ற வரவேற்பைப் பார்த்து அதையே படமாக்கினார்கள். சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் அதில் ஜோடி. ராமதாஸ் பிற்காலத்தில் சென்னைக்குக் குடிபெயர்ந்த பிறகும் 'மரிக்கார்' என்ற பெயர் அவரை விடவில்லை.

சரி, ஆறு பேரும் பார்த்திருக்கிறார்கள். எங்கே பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். இங்கேதான் இழுபறி தொடங்கியது. வாத்தியார் இங்கே ஓடிய படம் என்றார். திரீவீல்காரர் மட்டக்களப்பில் பார்த்ததாகச் சொன்னார். வயல்காரர், டெக்கில் பார்த்திருப்பேன் என்றார். டெக் என்றால் வீடியோ டெக். எண்பதுகளில் இந்தக் கரையில் கலியாண வீடு, கத்னா வீடு என்றால் ஒரு டீவி, ஒரு டெக், கரண்ட் இல்லாவிட்டால் ஒரு ஜெனரேற்றர் என்று வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். முதல் படத்துக்கு வீடு நிறைந்த கூட்டம், மூன்றாவது படத்துக்குப் பாயில் சுருண்ட பிள்ளைகளும் டெக்காரனும்தான் மிச்சம். ஆனால் அந்த மூன்று படங்களும் சென்னைப் படங்கள். உள்ளூர்ப் படத்தின் வீடியோ கசெற் அப்போது யாரிடம் இருந்தது?

என் போனில் 'கோமாளிகள்' இருந்தது. அதை மேசையில் சாய்த்து வைத்து ஓட விட்டேன். கறுப்பு வெள்ளை, நிறையக் கீறல், ஒலி தகரத்தில் உருளும் கல் மாதிரி. ஆறு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. மரிக்கார் வந்தார். யாரும் சிரிக்கவில்லை. "இது யாரு?" என்றார் வயல்காரர். திரையில் இருந்தவர் வாய் திறந்து பேசிய பிறகுதான் ஒரே கூச்சல். "அட, இவர்தானா மரிக்கார்? நான் இன்னும் பெரிய ஆளா நெனச்சிரிந்தேன்!" வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் மரிக்காரைக் கண்டதே கிடையாது. ரேடியோவில் கேட்டுக் கேட்டு, ஆளாளுக்கு ஒரு மரிக்காரை மனதில் செய்து வைத்திருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அத்தனை தெளிவாகக் கேட்டவருக்குக் கண்டதுபோலத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். பத்து நிமிடம் காட்டிவிட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன். விடவில்லை. கல்லாக்காரர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர்கள் கதையைப் பின்தொடரவே இல்லை. யார் யாரைக் கலியாணம் முடிக்கிறார் என்பதில் யாருக்கும் அக்கறை கிடையாது. பேச்சைத்தான் கேட்டார்கள். உபாலியின் தமிழைக் கேட்டு, "இது அம்பாறையில நம்மட நெல் வாங்குற முதலாளி பேசுறதுதான்" என்றார் வயல்காரர். அப்புக்குட்டி பேசும்போது, தன்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரை நினைவுகூர்ந்தார் ஓய்வுபெற்ற வாத்தியார். மரிக்காரின் பேச்சில் மட்டும் ஒரு தகராறு. "இது கொழும்பு ஆக்கள்ற பேச்சு. நாம இப்புடிப் பேசுறல்ல" என்றார் திரீவீல்காரர். ஒருகணம் எல்லாரும் அமைதி. உண்மைதான். கிழக்குக் கரை முஸ்லிமின் வாய்மொழி அந்தப் படத்தில் இல்லை. அவர்கள் அரை நூற்றாண்டாகத் தங்கள் ஊர்க்காரராக வைத்திருந்தவர் கொழும்புப் பேட்டைக்காரர். "ஆனா வேற யாரு இரிந்தா?" என்று கல்லாக்காரர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பிளேன்டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடையிலிருந்து கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு நடந்தேன். ஒன்றரைக் கிலோமீற்றர் இருக்கும். நாகூர் ஷாஹுல் ஹமீத் ஒலியுல்லாஹ் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றும் இடம். கொடியேற்ற நாட்களில் முன்பெல்லாம் பாட்டுக் கச்சேரியும் மிட்டாய்க் கடையுமாக இருக்கும் என்பார்கள். அன்று கடற்கரையில் இரண்டு படகுகளும், வலை பொத்திக்கொண்டிருந்த நால்வரும்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் எடுத்துக்கொண்ட நிலத்தில் சில இடங்களில் வீட்டின் அத்திவாரம் மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிகிறது. இந்தக் கரையில் பழைய கடதாசியைத் தேடுகிறவன் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அல்பம், கசெற், பாட்டுப் புத்தகம் எல்லாம் அந்தக் காலையோடு போன வீடுகள் ஆயிரக்கணக்கில்.

ஆனாலும் ஒரு பாட்டுப் புத்தகம் கிடைத்தது. வலை பொத்தியவர்களில் ஒருவர், பிரதான வீதிக்கு மேற்கே இருக்கும் தன் மாமியின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கடல் அவ்வளவு தூரம் வரவில்லை. எழுபதைத் தாண்டிய அந்த உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். என்னிடம் நேராகப் பேசாமல் மருமகனைப் பார்த்தே பேசினார். பழைய பிஸ்கட் டின்னுக்குள் உறுதிப் பத்திரங்களுக்கும் பிறப்பு அத்தாட்சிக்கும் அடியில் இருந்து அதை எடுத்துக் கொடுத்தார். 'பாவமன்னிப்பு'. நாலே நாலு தாள், இரண்டு கம்பி அடித்தது. கடதாசி தேயிலை நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு கம்பி துருப்பிடித்து உதிர்ந்து அந்த இடத்தில் செம்பழுப்பு அடையாளம். முன்னட்டையில் சிவாஜி முகம் மை கலங்கி இருந்தது. உள்ளே முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம். எல்லாப் பாட்டுப் புத்தகங்களையும்போல கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியைத் திரையில் காணச் சொல்கிறது. பாட்டு வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளடி. ரேடியோவில் அந்தப் பாட்டுப் போன ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளடி போட்டாராம். ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் ஓரமே நிறைந்திருந்தது.

"படம் பார்த்தீங்களா உம்மா?"

மருமகனைப் பார்த்துச் சிரித்தார். "வாப்பா உடுவாரா? காக்காமார் பார்த்துட்டு வந்து கதை சொல்வாங்க. நாங்க புத்தகத்த வெச்சிட்டு ரேடியோவில பாடுறதக் கேப்பம். அவ்வளவுதான்." பிறகு, கேட்காமலே, கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னார். பாத்திரங்களின் பெயர் ஒன்றும் தவறவில்லை. கண்ணால் காணாத ஒரு படத்தை அறுபது ஆண்டாக இப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார். உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்குப் பாட்டுப் புத்தகம் வாங்கினீர்களா என்றேன். அப்படிப் படங்கள் இருந்ததே அவருக்குத் தெரியாது. மரிக்காரைத் தெரியும். "அது நாடகமெல்லோ?" என்றார். பார்த்தேன் என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான்.

பள்ளி லுஹர் பாங்கு சொன்னதும் விடைபெற்றேன். திரீவீல் மருதமுனைக்கு நானூறு ரூபா கேட்டது, பேரம் பேசி முந்நூற்றைம்பது.

வழியில் குஜராத்திப் படங்கள் நினைவுக்கு வந்தன. கொழும்புப் புடவை வியாபாரத்தில் மேமன்களும் போராக்களும் நெடுங்காலமாக இருக்கிறார்கள்; அவர்களுடைய வேர் கத்தியவாரிலும் கச்சிலும். குஜராத்தியிலும் 1932லேயே 'நர்சிங் மேத்தா' என்ற பேசும்படம் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் பம்பாய். பணமும் நடிகரும் அங்கே ஹிந்திக்குப் போய்விட்டன. குஜராத்திப் படத்தில் நடித்துப் பெயர் வாங்கிய நிருபா ராய் போன்றவர்களையும் ஹிந்தி இழுத்துக்கொண்டது. 1971இல், ஹிந்தியில் மர்மப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ரவீந்திர தவே கச்சு நாட்டுப் பழங்கதை ஒன்றை எடுத்து உபேந்திர திரிவேதியை வைத்து 'ஜேசல் தோரல்' செய்தார். ஊர் ஊராக மக்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போகிற அளவுக்கு ஒரு அலை எழுந்தது என்று குஜராத்திகள் இன்றும் சொல்வார்கள். சேலை கட்டும் விதம், கர்பா, தலைப்பாகை, ஊர்ப்பேச்சு எல்லாம் திரையில் வந்தன. அட்டைச் செற், மிகைநடிப்பு என்று பட்டணத்துக்காரர்கள் சிரித்தார்கள்; கிராமம் திரும்பத் திரும்பப் பார்த்தது. அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஹிந்தி வேறு மொழி. தன் மொழியில் படம் வேண்டும் என்று குஜராத்திக்காரர் கேட்க ஒரு நியாயம் இருந்தது. கல்முனைக்காரருக்கு அந்த நியாயமும் கிடையாது. சென்னை பேசுவதும் தமிழ்தானே? அப்படியிருக்க, கீறல் விழுந்த கறுப்பு வெள்ளையில் நாலு பேர் பேசுவதை ஆறு பேர் குனிந்து கேட்டார்களே, ஏன்? ஒரே மொழிக்குள்ளும் காது தன் ஊர்ச் சத்தத்தைத் தேடுகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மருதமுனை நெசவுக்குப் பேர்போனது. பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பியதுமே கட்டைச் சத்தம் கேட்கும் என்று திரீவீல்காரர் சொன்னார். மூன்று ஒழுங்கை கடந்தும் கேட்கவில்லை. நாலாவதில்தான் கேட்டது, அதுவும் ஒரே ஒரு கொட்டிலில். நான்கு தறிகள், இரண்டு ஓடின. நூல் சாயத்தின் புளித்த வாசம். மூலையில் சுருட்டி வைத்த சாரன்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், நல்ல கனம், விலை ஆயிரத்து எண்ணூறு. சுவரில் ஓர் ஆணியில் பழைய ட்ரான்சிஸ்டர் தொங்கியது. அது வேலை செய்யவில்லை. இரண்டு தறிகளுக்கும் நடுவில் ஒரு போனில்தான் பாட்டு.

கொட்டிலின் சொந்தக்காரருக்கு எண்பதை நெருங்கிய வயது. தறியில் உட்காருவதை விட்டுவிட்டார், நூல் சுற்றிக்கொண்டிருந்தார். இந்தமுறை நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். கோமாளிகள் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. மரிக்கார் எப்படி இருப்பார் என்று கேட்டேன்.

நூலைச் சுற்றும் கை நிற்கவில்லை. "வெள்ளக்காரன் மாதிரி செவத்த ஆளும் இல்ல, பெரிய ஆளும் இல்ல. கண்ணுதான் பெரிசு. முகம் ஆடுற அளவுக்குக் கைகால் ஆடாது. ரேடியோவில பேசிப் பழகின ஆள் எண்டு பார்த்தவுடனே வெளங்கும். ஐயரும் அப்படித்தான், மைக்குக்கு முன்னால நிக்கிற மாதிரியே நிப்பார்."

இவர் பார்த்திருக்கிறார்!

சாரன் கட்டோடு கொழும்புக்குப் போவாராம், மாதம் ஒருமுறை. பேட்டையில் சரக்கை இறக்கிவிட்டு, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு தியேட்டரில் பார்த்தாராம். படம் எப்படி என்றேன். "படம் சரியில்ல" என்றார் ஒளிவுமறைவில்லாமல். "ரேடியோவில அந்த நாடகம் நம்மட தறிக் கொட்டில்ல வந்துதான் நடக்கும். அவங்க பேசுவாங்க, நாங்க தறி அடிப்பம். திரையில பார்த்தா அவங்களுக்கு ஒரு வீடு, கதிர, மேச எல்லாம் இரிக்கி. அது வேற வீடு." பிறகு, "ஆனா சிரிப்பு குறையல்ல. பக்கத்துல ஒரு சிங்கள ஆள் இருந்தான். உபாலி பேசக்குள்ள அவன்தான் கூடச் சிரிச்சான்."

அந்தப் படம் கல்முனையில் ஓடியதா? "ஓடியிருக்கும். நான் இஞ்ச பார்க்கல்ல. எம்.ஜி.ஆர் படம் வந்தா எதையும் தூக்கிருவாங்க" என்றார். 1990க்குப் பிறகு இந்த வீதிகளில் இருட்டினால் ஆள் நடமாட்டமே கிடையாது, இரண்டாம் காட்சிக்கு யார் போவார் என்றும் சொன்னார். அதைப் பற்றி மேலே பேச விரும்பவில்லை. இப்போது படம் பார்ப்பீர்களா என்று கேட்டதற்கு, "மார்க்கத்துக்குச் சரியில்ல எண்டு புள்ளைகள் சொல்றாங்க, சரிதான்" என்றார். தறியில் இருந்த இளைஞர் குனிந்து சிரித்தார்.

நான் கிளம்பத் தயாரானபோது கிழவர் தன் போனைச் சாரன் மடிப்பிலிருந்து எடுத்து நீட்டினார். திரை ஒரு மூலையில் உடைந்திருந்தது. "அந்தப் படம் உங்கள்ட்ட இரிக்கெண்டீங்களே தம்பி, இதுல ஏத்தித் தாங்க." ஏற்றப் பார்த்தேன். இடம் இல்லை என்று காட்டியது. என்னென்ன இருக்கிறது என்று திறந்து காட்டினேன். ஒரு பேரனின் கிரிக்கெட் விளையாட்டு, மற்றப் பேரனின் கார் விளையாட்டு, சவூதியில் இருக்கும் மகன் அனுப்பிய வீடியோக்கள், ஒரு நீண்ட குர்ஆன் ஓதல். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மகன் அனுப்பியதைத் தொடவில்லை, ஓதலைத் தொடவில்லை.

"இந்தக் கார அழிங்க" என்றார். "அவன் ஸ்கூலால வரக்குள்ள நான் சொல்லிக்கிறன்."